கடல்பாசியும் வெள்ளைக் குதிரையும்

1

மஞ்சள் உறையில் கடிதம் வந்தால் நல்ல செய்தி இருக்காது என்பது ஜெர்மனிக்கு வந்த முதல் வருடமே நான் கற்றுக்கொண்ட பாடம். நல்ல செய்திகள் வெள்ளை உறையில் வரும். அல்லது வராமலே இருந்துவிடும்.

போன ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி ஓர் உறை வந்தது. அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தின் முத்திரையைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை, அபராதம் என்ற சொல் இருக்கிறதா என்று தேடினேன். இரண்டாம் முறை, கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படித்தேன். மூன்றாம் முறை படித்தது, அதற்குள் ஏதாவது மாறியிருக்குமா என்ற நப்பாசையில்.

எதுவும் மாறவில்லை. கடிதத்தின் சாரம் இதுதான்: நீங்கள் விற்கும் இனிப்பின் பொருள் பட்டியலில் மூன்றாவதாகக் ‘கடல் பூசணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதை விளக்க வேண்டும். வியாழக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் அலுவலர் உங்கள் சமையலறைக்கு வருவார். அதுவரை விற்பனை வேண்டாம்.

நான் விற்பது கடல்பாசி. ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நோன்பு மாதத்தில் பழவேற்காட்டில் எந்த முஸ்லிம் வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு தட்டு கிடைக்கும். வெள்ளை நூல் கற்றை மாதிரி இருக்கும் பாசியைத் தண்ணீரில் ஊறவைத்து, கரையும்வரை கொதிக்கவைத்து, பாலும் சர்க்கரையும் ரோஸ் எசென்சும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால், ஆறியதும் கெட்டியாகிவிடும். சாய்சதுரமாக வெட்டினால் விரலில் பிடித்துக் கண்ணாடி மாதிரிப் பார்க்கலாம்.

பிரச்சினை ‘பாசி’ என்ற சொல்லில் வந்தது. எங்கள் வீட்டுக்காரர், அதாவது வாடகைக்கு விட்டிருக்கும் ஜெர்மன் பெரியவர், ஒவ்வொரு குளிர்காலமும் கதவைத் தட்டி ஒரே விஷயத்தைச் சொல்வார்: “தினமும் இரண்டு முறை ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் சுவரில் ஷிம்மல் வந்துவிடும்.” ஈரச் சுவரில் வருவது என்ன? நம் ஊரில் பாசிதானே பிடிக்கும். அதனால் ஷிம்மல் என்றால் பாசி என்று என் மனதில் பதிந்துவிட்டது. கடலுக்கு அவர்கள் சொல் தெரியும். இரண்டையும் ஒட்டி, அரசாங்கப் படிவத்தில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஷிம்மல் என்றால் பூசணம். ஊசிப்போன ரொட்டியில் பூக்குமே, அது.

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். இதை எங்கே போய்ச் சொல்ல?

2

இந்த வியாபாரம் யோசித்துத் தொடங்கியதில்லை. என் மகள் இனியாவின் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கிண்டர்கார்டனுக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டியிருந்தது. இங்கே குழந்தைகளுக்குப் பிடித்தது கரடிக்குட்டி வடிவ ஜெல்லி மிட்டாய். அதில் ஜெலட்டின் இருக்கும், மாட்டின் எலும்பு அல்லது பன்றியின் தோலிலிருந்து எடுப்பது. அவள் வகுப்பில் துருக்கிக் குடும்பத்துக் குழந்தைகள் இருவர், சைவம் மட்டும் சாப்பிடும் ஜெர்மன் குழந்தை ஒன்று, பாலைக்கூடத் தொடாத குடும்பத்துக் குழந்தை ஒன்று. யாருக்கு எது ஆகாது என்று ஆங்கே என்னும் ஆசிரியை சுவரில் ஒட்டியிருந்த பட்டியல், ஒரு தேர்தல் வாக்காளர் பட்டியல் அளவுக்கு இருந்தது.

அந்தப் பட்டியலைப் பார்த்து மிரண்டபோதுதான் ஜரீனா ஞாபகம் வந்தது. பழவேற்காட்டுப் பள்ளியில் பத்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறாள். உடனே அழைத்தேன்.

“இன்னாடி திடீர்னு? நோன்பு கூட இல்ல, கடல்பாசி கேக்கற?”

“வேற எதுவும் ஒத்துவராதுடி. எல்லாருக்கும் ஒண்ணொண்ணு ஆவாது.”

“நல்லா கீது கதை. கடல்ல போறவர் பொண்ணு நீ, கடல்பாசி செய்றதுக்கு துணிக்கடைக்காரி கிட்ட கேக்கற.”

கேலி முடிந்த பிறகு சொல்லித் தந்தாள். பாசித் தண்ணீரும் பாலும் இரண்டுமே சூடாக இருக்க வேண்டும், குளிர்ந்த பாலை ஊற்றினால் திரிதிரியாகிவிடும். முதல் தடவை குளிர்ந்த பாலை ஊற்றினேன். திரிதிரியானது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. பால் ஆகாதவர்களுக்குத் தேங்காய்ப்பாலில் தனியாக ஒரு தட்டு.

பிறந்தநாளன்று பதினெட்டுக் குழந்தைகளும் சாப்பிட்டார்கள். பட்டியலில் இருந்த நான்கு பேரும்தான். சாயங்காலம் ஓர் அம்மா என்னிடம், “என் மகன் முதல்முறையாக மற்றவர்கள் சாப்பிட்டதையே தானும் சாப்பிட்டான். இதை நீங்கள் விற்பீர்களா?” என்று கேட்டார். நான் “இல்லை” என்று சொல்ல நினைத்தேன். பதற்றத்தில் என் ஜெர்மன் “ஆமாம்” என்று சொல்லிவிட்டது.

அப்படித்தான் தொழில் தொடங்கினேன். பிறகு பதிவு, சுகாதார அலுவலகத்தில் கை கழுவுவது பற்றி ஒரு வகுப்பு, சமையலறைக்கு நிபந்தனைகள், படிவங்கள். நான் எல்லாப் படிவத்தையும் ஒழுங்காக நிரப்புகிறவள். அதுதான் என் பலம் என்று நினைத்திருந்தேன்.

3

உண்மையில் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அவ்வளவு பயந்ததற்குக் காரணம் கடல்பாசி மட்டும் அல்ல. நான் வேறொரு படிவத்திலும் ஒரு சொல்லைத் தவறாக எழுதியிருந்தேன். அது தெரியாமல் செய்தது இல்லை.

அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஆசிரியை ஆங்கே என்னை அழைத்து, இனியா வகுப்பில் அதிகம் பேசுவதில்லை, செப்டம்பரில் முதல் வகுப்பு போக இன்னும் கொஞ்சம் ஜெர்மன் வேண்டும் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் மாடி வீட்டு அக்காவிடம் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர். அவருடைய இரண்டு பிள்ளைகளும் ஜெர்மன் பிள்ளைகளைப் போலவே பேசுவார்கள்.

“வீட்டுல தமிழை நிறுத்திப்போடு கவிதா” என்றார் அக்கா. “ரெண்டு குதிரைல கால் வைக்கக் கூடாது. நாங்க நிறுத்துனோம், ஆறே மாசத்துல பசங்க எப்படிப் பேசுனாங்க பாத்தியா.”

நான் சொன்னதைச் செய்கிறவள். அன்றிரவே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். இனிமேல் வீட்டில் ஜெர்மன் மட்டும்.

என் ஜெர்மன் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மொழியில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அந்த மொழியில் என்னால் கோபப்படக்கூட முடியவில்லை. கோபம் வந்தால் வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும், அதற்குள் கோபம் போய்விடும். கொஞ்சவும் தெரியவில்லை. “சாப்பிடு, கை கழுவு, சீக்கிரம், தூங்கு.” எங்கள் வீட்டில் ஒரு நாள் பேச்சு இவ்வளவுதான். மார்ச் மாதத்துக்குள் இனியா எனக்கு ‘ஆமாம்’, ‘இல்லை’ தவிர வேறெதுவும் சொல்வதை விட்டுவிட்டாள். கரண்டியைப் பெண்ணாக்கிப் பேச மட்டும் என்னிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தாள்.

அந்த மார்ச்சில்தான் பள்ளிச் சேர்க்கைக்கான மருத்துவப் பரிசோதனை வந்தது. படிவத்தில் ஒரு கேள்வி: வீட்டில் பேசும் மொழி. தமிழ் என்று எழுதினால் குழந்தையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். தாளை ஒட்டியாயிற்றே, பொய்யும் இல்லையே என்று ஒரு சமாதானம். ‘ஜெர்மன்’ என்று எழுதினேன்.

மருத்துவர் நரைத்த குட்டைமுடி வைத்த பெண்மணி. இனியாவிடம் படங்களைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தார். அவள் இரண்டு சொல், மூன்று சொல்லாகப் பதில் சொன்னாள். மருத்துவர் படிவத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

“பிறந்ததிலிருந்து ஜெர்மன் மட்டும் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இது கவலைக்குரியது” என்றார். காது பரிசோதனை எழுதினார், பேச்சுப் பரிசோதனை எழுதினார். ஜூனில் மறுபடி பார்க்கலாம், முன்னேற்றம் இல்லையென்றால் பள்ளியை ஒரு வருடம் தள்ளிப்போடுவதே நல்லது என்றார். இனியாவின் ஒரே தோழி லேனா செப்டம்பரில் முதல் வகுப்பு போகிறாள். ஒரே பையும் ஒரே நிறமும் வேண்டும் என்று இருவரும் ஜனவரியிலேயே முடிவு செய்திருந்தார்கள்.

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டில் என் கணவரும், “இப்ப போய் மாத்தினா பொய் எழுதினோம்னு ஆயிடும் கவி, விசா புதுப்பிக்கிற நேரம் வேற” என்றார். அவர் சொல்வதும் சரி என்று பட்டது. சரியில்லை என்றும் பட்டது. மூன்று மாதம் இரண்டும் மாறி மாறிப் பட்டுக்கொண்டே இருந்தன. ஜூன் மாதச் சந்திப்பு திங்கட்கிழமைக்கு. உணவு அலுவலர் அதற்கு முந்தின வியாழன்.

4

புதன்கிழமை நைனாவிடமிருந்து வீடியோ அழைப்பு. அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் கோட்டைக்குப்பத்தில் அப்போது மாலை. நைனா கடலிலிருந்து வந்து வலையை விரித்துப்போட்டு, அதில் சுற்றியிருந்த பச்சைப் பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அம்மா கைப்பேசியைப் பிடித்திருந்தார், அதனால் பாதி நேரம் நைனாவின் முழங்கால் மட்டும் தெரிந்தது.

“இன்னா கண்ணு, சாப்ட்டியா?”

இனியா என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

“இன்னா கவி, பாப்பா வாய்ல கொழுக்கட்டையா வச்சிக்கினு கீது? போன வருசம் வந்தப்போ என்னைத் தூங்க வுடாம பேசிச்சு.”

“ஜெர்மன் பேசிப் பழகட்டும்னு வீட்டுல தமிழ நிறுத்தி வச்சிருக்கோம் நைனா.”

“நிறுத்தி வச்சிக்கிறீங்களா? இன்னாம்மா அது, மோட்டாரா?”

அம்மா சிரித்ததில் கைப்பேசி ஆடியது. எனக்கு எரிச்சல் வந்தது. நைனாவுக்கு இங்கத்திய படிவமும் பரிசோதனையும் தெரியாது. ஆந்திர எல்லையில் தடா பக்கத்து ஆட்களிடம் தெலுங்கில் வலை விலை பேசுவார், இறால் ஏலத்தில் உருது எண்களில் கணக்குச் சொல்வார், வீட்டில் தமிழில் திட்டுவார். இதற்காக யாரும் அவரை உட்காரவைத்துக் காது பரிசோதித்ததில்லை. அவருக்கு எளிது என்று நினைத்தேன்.

“எத்தினி பாசி பாரு கண்ணு” என்று அவர் ஒரு கொத்தைத் திரைக்கு அருகில் காட்டினார். “மீனு ஒரு கூடை, பாசி ரெண்டு கூடை.”

இனியா உதட்டை மட்டும் அசைத்தாள். சத்தம் வரவில்லை. நான் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

5

வியாழக்கிழமை அலுவலர் சரியாக மூன்று மணிக்கு வந்தார். உயரமானவர், கையில் தோல்பை, அதில் வெப்பமானி. என் கணவர் அலுவலகத்தில் இருந்தார். இனியா சமையலறை மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வெப்பம் பார்த்தார். கதவில் ஒட்டியிருந்த என் தாளையும் படித்தார். அதில் ஓர் எழுத்துப்பிழையைப் பார்த்திருப்பார், ஆனால் எதுவும் சொல்லவில்லை. கை கழுவும் இடம், அலமாரி, துடைக்கும் துணி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“சரி. அந்தக் கடல் பூசணம் எங்கே?”

ஜரீனா அனுப்பிய பொட்டலத்தை நீட்டினேன். அதில் தமிழில் மட்டும் ‘கடல்பாசி’ என்று இருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். கடலில் வரும் என்றேன். பச்சை என்றேன். சுவரில் வருவது மாதிரி, ஆனால் சுவரில் வராதது என்றேன். நீந்துவது போலக் கையையும் காட்டினேன். அவர் குறிப்பேட்டில் நீளமாக எதையோ எழுத ஆரம்பித்தார். அவர் எழுத எழுத எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதும் வடிந்துபோனது.

அப்போது நான் தாளில் இருந்த விதியை மறந்தேன்.

“பாப்பா, கடல்பாசினா இன்னானு அங்கிளுக்குச் சொல்லேன்.”

இனியா பென்சிலைக் கீழே வைத்தாள். “டாய்ச்லயா, தமிழ்லயா?”

மூன்று மாதத்தில் என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

“எதுல வருதோ அதுல சொல்லு.”

“தாத்தா வலையில மாட்டிக்குமே, பச்சையா. அதானே?”

“அதேதான்.”

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, அலுவலருக்கு எதிரில் போய் நின்று ஜெர்மனில் சொன்னாள். அவள் சொன்னதை என்னால் முடிந்தவரை தமிழில் தருகிறேன்.

“என் தாத்தா மீன் பிடிப்பார். அவர் வலையில் இது வரும். கிண்டர்கார்டன் மீன் தொட்டியிலும் இருக்கும், ஆசிரியை ஆங்கே வெள்ளிக்கிழமை சுரண்டுவார். இது அல்கெ. ஷிம்மல் இல்லை. ஷிம்மல் பழைய ரொட்டியில் வரும். இல்லையென்றால் அது ஒரு வெள்ளைக் குதிரை.”

அலுவலர் எழுதுவதை நிறுத்தினார். ஜெர்மனில் வெள்ளைக் குதிரைக்கும் அதே ஷிம்மல்தான் பெயர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அவள் படப் புத்தகத்தில் இருந்ததாம்.

“அப்படியானால் உன் அம்மா ஏன் ஷிம்மல் என்று எழுதினார்?”

“தமிழில் சுவரில் வருவதும் பாசி, கடலில் வருவதும் பாசி. ஒரே வார்த்தை. உங்களுக்கு இரண்டு வார்த்தை.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனால் உங்களுக்குக் குதிரையும் பூசணமும் ஒன்று. எங்களுக்கு அது இரண்டு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அகர் அகர்” என்றார் என்னிடம். “இதற்கு இவ்வளவா? என் அம்மா செர்ரி கேக்கின் மேல் ஊற்றுவது இதைத்தான்.”

இனியா அதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டாள். மூன்று மாதத்துக் கேள்விகள் வரிசையில் நின்றிருக்கும் போல. “அம்மா, பாயசத்துல போடறியே பாசிப்பருப்பு, அதுலயும் பாசி கீதா? பாசிமணில?”

அலுவலர் நான் நிரப்பிய பழைய படிவத்தை மேசையில் வைத்தார். “தவறான சொல்லை ஒரு கோடு போட்டு அடியுங்கள். மேலே சரியான சொல். பக்கத்தில் கையெழுத்து, தேதி. இனிமேல் ஜெர்மன் லேபிள் உள்ள பொட்டலமாக வாங்குங்கள். அவ்வளவுதான், விற்கலாம்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. “அரசாங்கத்துக்குத் தவறான தகவல் கொடுத்ததற்கு எதுவும் இல்லையா?”

“தவறு என்றால் திருத்தம்” என்றார், தோல்பையை மூடிக்கொண்டே. “பொய் என்றால் வேறு துறை. அது நான் இல்லை.”

ஒரு துண்டு கொடுத்தேன். விதிப்படி வாங்கக் கூடாது என்றார். அடுத்த வாரம் சனிக்கிழமை கிண்டர்கார்டன் விழாவில் விற்பேன் என்று சொன்னேன். அங்கே காசு கொடுத்து வாங்கினால் விதியில் தடை இல்லை என்றார்.

6

அன்று மாலை என் கணவர் வந்ததும், அலுவலர் சொன்ன ‘வேறு துறை’ உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். “கடல்பாசிப் படிவத்த அடிச்சித் திருத்திட்டேன். இன்னொண்ணு கீது.”

அவர் ஷூவைக் கழற்றாமலே நின்றார். “பொய்னு வேற துறைக்கு அனுப்பிட்டா?”

“எந்தத் துறையோ. அவ காது நல்லா கேக்குது, வாயும் நல்லா கீது. நான் எழுதின ஒரு வார்த்தைக்காக அவளுக்கு என்னமோ குறைனு எழுதி வச்சிருக்காங்க.”

அவர் ஷூவைக் கழற்றி வைத்தார். குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் போனவர், “தாளை எடுத்துட்டியா?” என்று கேட்டார். எடுத்திருந்தேன். “திங்கட்கிழமை நானும் லீவு போடறேன்” என்றார்.

திங்கட்கிழமை மருத்துவர் பேச ஆரம்பிக்கும் முன்பே நான் பேசினேன். இரண்டு நாள் வாக்கியங்களை மனப்பாடம் செய்திருந்தேன். வினைச்சொல் இடம் மாறியிருக்கலாம், விஷயம் மாறவில்லை. “இந்தக் கேள்விக்கு நான் தவறாக எழுதினேன். எங்கள் வீட்டு மொழி தமிழ். பிறந்ததிலிருந்து தமிழ். பயத்தில் மாற்றி எழுதினேன்.”

மருத்துவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். என் கணவர் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தார், எதற்கு என்று தெரியவில்லை.

“அப்படியானால் நான் மார்ச்சிலிருந்து வேறொரு குழந்தையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்” என்றார்.

பிறகு இனியா முன்னால் நான்கு படங்களை வரிசையாக வைத்தார். மீன் விற்கும் பெண், ஒரு பூனை, காலியான கூடை, கவிழ்ந்த வாளி. “இதை உன் வீட்டு மொழியில் சொல்” என்றார்.

“உங்களுக்குப் புரியாதே” என்றாள் இனியா ஜெர்மனில்.

“எனக்குக் கேட்கத் தெரியும்.”

இனியா சொன்னாள். “இந்தப் பூனை கீதே, இது ரொம்ப திருடு. மீன்காரம்மா அந்தாண்ட திரும்பினு கீறாங்க. அப்ப பாத்து இது மெதுவா மெதுவா வந்து மீனத் தூக்கிக்கினு ஓடிச்சு. ஓடச்சொல்ல வாளியில இடிச்சிக்கிச்சு. தண்ணியெல்லாம் கொட்டிப்போச்சு. அவங்க, ‘அய்ய, உன்ன இன்னா பண்றேன் பாரு’ன்னாங்க.”

கோட்டைக்குப்பத்துத் தமிழ், அசலாக. நான் வீட்டில் பேசுவதுகூட அப்படி இல்லை. நைனாவின் அழைப்புகளில் ஊமையாக உட்கார்ந்திருந்தபோதும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மருத்துவர் ஒரு சொல்லும் புரியாமல், எதையோ குறித்துக்கொண்டே கேட்டார். பிறகு அதையே ஜெர்மனில் சொல்லச் சொன்னார். வாக்கியங்கள் குட்டையாயின, பூனை ஒரு முறை ஆணானது, ஒரு முறை பெண்ணானது. ஆனால் பூனை மெதுவாக வந்தது, வாளி கவிழ்ந்தது, மீன்காரம்மா திட்டினார். எதுவும் விடுபடவில்லை.

“கதை சொல்லத் தெரிகிறது. அது எந்த மொழியில் வந்தது என்பது எனக்கு முக்கியமில்லை, இன்னொன்றுக்கு வந்துவிடும்” என்றார் மருத்துவர். செப்டம்பரில் முதல் வகுப்பு. வாரத்தில் இரண்டு மதியம் ஜெர்மன் உதவி வகுப்பு. வேறு பரிசோதனை வேண்டாம். என்னைப் பார்த்து, “வீட்டில் அவளிடம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் பேசுங்கள். உங்கள் ஜெர்மனை எங்களிடம் பேசுங்கள், நாங்கள் தாங்கிக்கொள்வோம்” என்றார்.

படிவத்தை என் பக்கம் தள்ளினார். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு கோடு, மேலே ‘தமிழ்’, பக்கத்தில் கையெழுத்து, தேதி.

“தாத்தா தெலுங்கும் எழுதும்மா. எனக்கு ‘ரா’, ‘போ’, ‘எந்த’ மூணும் தெரியும். ‘ரா’ன்னா வா, ‘எந்த’ன்னா எவ்ளோ” என்றாள் இனியா. கட்டத்தில் இடமில்லை என்று அவளைச் சமாதானப்படுத்தினோம்.

7

இதை எழுதும்போதும் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. அந்த மாதங்கள் அவளுக்குள் என்ன செய்தது என்று தெரியாது. பத்து வயதில் அவள் எனக்கு எந்த மொழியில் பதில் சொல்வாள் என்றும் தெரியாது. மாடி வீட்டு அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். “எங்கம்மா போன் பண்ணுனா, பசங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல நான் உக்காந்து மொழிபெயர்த்துட்டு இருக்கறேன் கவிதா” என்றார். பிறகு, தன் வீட்டுக்கு வாங்கும் கடல்பாசி டப்பாவில் பெயரைத் தமிழிலும் எழுதித் தரச் சொன்னார், பெரிய எழுத்தில். எழுதித் தருகிறேன்.

கிண்டர்கார்டன் விழாவில் எங்கள் மேசைக்கு இனியாவே அட்டை எழுதினாள். ஜெர்மனில் ‘அல்கெ’, அதன் கீழே தமிழில் ‘கடல்பாசி’. ‘ல்’ மட்டும் திரும்பிக்கொண்டு நின்றது. வெயிலில் மற்ற மேசைகளின் சாக்லேட் எல்லாம் உருகிக்கொண்டிருக்க, எங்கள் தட்டு அசையவில்லை. உணவு அலுவலர் மனைவியோடு வந்து, காசு கொடுத்து, நான்கு துண்டு வாங்கிப் போனார்.

நடுவில் நைனா அழைத்தார். இனியா கைப்பேசியைத் தட்டுக்கு மேல் பிடித்தாள்.

“தாத்தா, கடல்பாசிக்கு இங்க இன்னா பேரு தெரியுமா? அல்கெ.”

“ஆளுக்கா?” என்றார் நைனா. “ஆளுக்கு எத்தினி?”

“அய்ய தாத்தா, பேரே அதான். அல்கெ.”

“அதான் கேக்கறேன். ஆளுக்கு எத்தினி?”

இனியா சிரித்ததில் கைப்பேசி ரோஸ் தட்டில் விழப் பார்த்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குழந்தைக்கும், “ஆளுக்கு ஒண்ணு” என்று சொல்லித்தான் கொடுத்தாள். குழந்தைகள் அதுதான் அந்த இனிப்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் தோட்டம் முழுக்க, “ஆளுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு” என்று ஓடிக்கொண்டிருந்தார்கள்.

லேனா இரண்டாம் முறை வந்து கையை நீட்டினாள். “ஆளுக்கு ஒண்ணு” என்றாள், சுத்தமாக.

இனியா இடுப்பில் கையை வைத்தாள். பழவேற்காட்டு மீன் மார்க்கெட்டில் அப்படித்தான் நிற்பார்கள். அவள் அங்கே போனது ஒரே ஒரு முறை. “நீ முன்னமே வாங்கிட்ட” என்றாள் தமிழில். “போ.”

லேனாவுக்கு அது புரிந்துவிட்டது. ஆனாலும் கையை எடுக்காமல், சிரித்துக்கொண்டே அங்கேயே நின்றாள். இனியா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருந்த பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.